சம்பந்தி எழுதிய கொலை

செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவது காபியை வாயில் வைத்த நேரத்தில் சுந்தரேசனுக்குத் தூக்குத் தண்டனை வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் சந்தானம். மௌலா அலி பகுதித் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். நல்ல மனிதர். தலைமுறை தலைமுறையாக ஹைதராபாத்தில் இருப்பவர். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று தண்டனையை வாசித்தார்.

"சார், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம சங்கத்துல உங்க சம்பந்தியோட நாவலுக்குக் கூட்டம். வாசகர்களுக்குப் பரிந்துரை பண்ணி நீங்கதான் பேசறீங்க."

"நானா?"

"ஹவ் சார், ஆமா, நீங்கதான்."

"எனக்கு மேடையெல்லாம் நக்கோ, வேண்டாம் சந்தானம். வேற யாரையாவது பாருங்க."

"அதெப்படி? உங்க சம்பந்தியே போன் பண்ணிச் சொன்னாரு. 'என் புஸ்தகத்தை ரெண்டு தடவை படிச்ச ஒரே மனுஷன் சுந்தரேசன் சார்தான். அவர் சொன்னாத்தான் நாலு பேர் வாங்குவாங்க'ன்னாரு. ரெண்டு தடவை சார்! நான் ரேஷன் கார்டைக்கூட ரெண்டு தடவை படிச்சதில்ல."

சந்தானம் போய்விட்டார். காபி ஆறிவிட்டது.

விஷயம் இதுதான். மருமகள் சுபாஸ்ரீயின் அப்பா நாராயணசாமி, சங்குமுனை என்கிற சின்னக் கடற்கரை ஊரில் மீன்வளத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த ஊரை வைத்தே ஒரு துப்பறியும் நாவல் எழுதியிருந்தார். 'சங்குமுனையில் ஒரு சடலம்.' முதல் பிரதி, "அன்புச் சம்பந்திக்கு" என்று கையெழுத்துப் போட்டுக் கூரியரில் வந்தது. வந்த மறுநாளே போனும் வந்தது.

"புஸ்தகம் கிடைச்சுதா சம்பந்தி?"

"ஓ, பேஷாக் கிடைச்சுது."

"படிச்சீங்களா?"

பெண் கொடுத்த சம்பந்தி. என்ன சொல்ல முடியும்? சம்பந்தி கொடுத்த பலகாரம் என்றால் உப்புக் கரித்தாலும் பிரமாதம் என்றுதான் சொல்ல வேண்டும். அதுபோலச் சொன்னார்.

"படிச்சேனாவா? ராத்திரியெல்லாம் கீழே வைக்கல. மறுபடி இன்னொரு தடவை வேற படிச்சுட்டேன்!"

கேட்டவர் சந்தோஷப்பட்டார். சொன்னவரும் சந்தோஷப்பட்டார். புத்தகம் ஷோகேஸில் தஞ்சாவூர்ப் பொம்மைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றது. அதுவும் ஒரு வேலைதானே.

மதியம் மாதாப்பூரிலிருந்து மருமகள் கூப்பிட்டாள். ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரம்.

"மாமா, ரொம்ப தேங்க்ஸ் மாமா."

"எதுக்கும்மா?"

"நீங்க பேச ஒத்துக்கிட்டதுக்கு. அம்மா போனதுக்கப்புறம் அப்பா யார்கிட்டயும் சரியாவே பேசினதில்ல. அந்த நாவலைத்தான் உக்காந்து உக்காந்து எழுதினாரு. ஊர்ல எல்லாருக்கும் குடுத்தாரு, ஒருத்தரும் பிரிச்சுக்கூடப் பார்க்கல. நீங்க படிச்சேன்னு சொன்ன அன்னிக்குத்தான் மாமா, போன்ல அவர் சிரிச்சுக் கேட்டேன்."

சுந்தரேசன் "சரிம்மா" என்றார். இதுவரை மானப் பிரச்சினையாக இருந்தது, இப்போது பாவப் பிரச்சினையாகிவிட்டது. மானம் போனால் நாலு நாளில் திரும்பி வரும். தாயில்லாத பெண்ணின் தகப்பனைச் சபையில் வைத்து அவமானப்படுத்தினால் எந்தக் கோவிலில் போய் எந்தத் தூணில் முட்டிக்கொள்வது?

படித்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். மனைவி பகவதி மாடியில் துணி உலர்த்தப் போன சமயம் பார்த்து, பொம்மையைச் சுவரில் சாய்த்துவிட்டுப் புத்தகத்தை உருவினார்.

முதல் பக்கம். கடல். அலை அடித்தது. இரண்டாம் பக்கம். அலை திரும்பிப் போனது. மூன்றாம் பக்கத்தில் மறுபடி வந்தது. சுந்தரேசனுக்கு முப்பத்தைந்து வருடம் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்தில் வேலை பார்த்த காது. அமைதியான எதைக் கண்டாலும் தூக்கம் வந்துவிடும். நாலாம் பக்கத்தில் குறட்டை அலையோடு சேர்ந்து அடித்தது.

விழித்ததும் குறுக்கு வழி தேடினார். கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிடப் போகிறது. புரட்டினார்.

"'நீங்களா?' என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அவர் ஒன்றும் பேசவில்லை. கடல்தான் பதில் சொன்னது."

அவ்வளவுதான். முற்றும். சம்பந்தி பொல்லாத மனுஷர்.

அப்போதுதான் சுந்தரேசனுக்கு அந்தத் திட்டம் உதித்தது. பகவதியைப் படிக்க வைத்துக் கதையைக் கறந்துவிடுவது. ஆனால் தான் படிக்கவில்லை என்று அவளுக்கும் தெரியக்கூடாது. போனில் அளந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

"பகவதி, நீ இதைப் படிக்கணும்."

"நான் எதுக்குங்க?"

"சம்பந்தி சனிக்கிழமை வர்றாரு. 'நீங்க படிச்சீங்களா'ன்னு உன்னைக் கேட்டா என்ன சொல்லுவே? நீ படி. தினமும் எனக்குக் கதையைச் சொல்லு. சரியாப் புரிஞ்சுக்கிட்டியான்னு நான் பார்க்கறேன்."

பகவதி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சரிங்க. நாளைக்குக் குளிச்சிட்டு ஆரம்பிக்கறேன்."

குளிப்பதற்கும் கொலைக் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு அப்போது விளங்கவில்லை. மறுநாள் காலை விளங்கியது. பூஜை அறையில் விளக்கு எரிந்தது. கோலம் போட்ட மணை மேல் 'சங்குமுனையில் ஒரு சடலம்' வீற்றிருந்தது. அட்டையில் ஒரு ஆள் குப்புறக் கிடந்தான். அவன் முதுகில் குங்குமம் வைத்திருந்தாள்.

"என்னடி இது?"

"பாராயணம்ங்க. எனக்குப் புஸ்தகம்னா இப்படித்தான் படிக்க வரும். கந்தபுராணம் இப்படித்தான் படிச்சேன், சுந்தரகாண்டமும் இப்படித்தான். ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம்."

"ஒரு அத்தியாயமா! எத்தனை இருக்கு?"

"பத்துக்கு மேல இருக்கும்போல."

"பகவதி, ஞாயித்துக்கிழமை கூட்டம்!"

"உங்களுக்கென்ன? நீங்கதான் படிச்சாச்சே. நான் மெதுவாப் படிச்சுக்கறேன்."

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுந்தரேசன் சொன்ன பொய் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"சரி, இன்னிக்குப் படிச்சதைச் சொல்லு."

"ஐஸ் கம்பெனி முதலாளி கடற்கரையில செத்துக் கிடக்கறாரு. பாவம். அவரு ஆத்மா சாந்தியடையணும்னு ஒரு விளக்குப் போட்டேன். அந்த சப்-இன்ஸ்பெக்டருக்கு நல்ல புத்தியைக் குடுன்னு பிள்ளையார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

"பிள்ளையார் இருக்கட்டும். யார் மேல சந்தேகம்?"

"அது நாளைக்கு அத்தியாயம்."

"ஏம்மா, கொஞ்சம் வேகமாப் படியேன். சம்பந்தி வர்றதுக்குள்ள முடிச்சா உனக்குத்தானே கௌரவம்?"

"படிக்கலாம்தான். நேரம் எங்கேங்க இருக்கு? கீரை ஆயணும், மாவு அரைக்கணும், சம்பந்தி வர்றாருன்னு மெத்தை உறை, திரைச்சீலையெல்லாம் துவைக்கணும். ஒரு கை ஒத்தாசை இருந்தா…"

சுந்தரேசன் கீரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு அத்தியாயத்துக்கு ஒரு வேலை என்று ஆகிவிட்டது. அவர் கீரை ஆய்ந்தார், இரண்டாம் அத்தியாயம் நகர்ந்தது. மாவு அரைத்தார், சப்-இன்ஸ்பெக்டர் படகுத்துறைக்குப் போனார். பரணிலிருந்து பெரிய அண்டாவை இறக்கினார், ஒரு சாட்சி வாயைத் திறந்தான். திரைச்சீலை துவைத்ததற்கு மட்டும் மூன்று அத்தியாயம். பால்கனியில் நின்று பிழிந்துகொண்டிருந்தவரைக் கீழ் வீட்டு நஸ்ரின் நிமிர்ந்து பார்த்து, "க்யா அங்கிள், ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"ஆன்ட்டி புஸ்தகம் படிக்கறாங்கம்மா."

"அச்சா!" என்று அவள் வியந்த வியப்பில், அன்று மாலையே தன் வீட்டுக்காரரிடம் எந்தப் புத்தகம் என்று விசாரித்து வாங்கி வரச் சொல்வாள் என்று தோன்றியது.

ஒவ்வொரு மாலையும் பரீட்சை நடந்தது.

"ம், சொல்லு. அப்புறம்?"

"சப்-இன்ஸ்பெக்டர் வலை பின்ற அம்மா வீட்டுக்குப் போறாரு. அந்தம்மா நெத்திலிக் குழம்பு வச்சிருக்காங்க. நம்ம வீட்டுல விளக்கு முன்னாடி எப்படிங்க அதைப் படிக்கறது? அந்தப் பக்கத்தை மட்டும் கூடத்துக்கு வந்து படிச்சேன்."

"குழம்பை விடு. அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"குழம்பை எப்படி விடறது? அதுலதானே துப்பே இருக்கு."

"என்ன துப்பு?"

"நீங்கதான் ரெண்டு தடவை படிச்சீங்களே. நீங்க சொல்லுங்க, நான் சொல்றது சரியான்னு பார்க்கறேன்."

சுந்தரேசனுக்கு வேர்த்தது. "நான் சொல்லிட்டா உனக்குப் பரீட்சை எப்படி ஆகும்?" என்று எழுந்து போய், யாரும் கேட்காமலேயே ஃபேன் இறக்கைகளைத் துடைத்தார்.

சந்தேகத்துக்கு மூன்று பேர் தேறினார்கள். செத்தவரின் மச்சினன், மருந்துக் கடைக் கம்பவுண்டர், கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கும் அந்தோணி. இரவில் கண்ணை மூடினால் மூன்று பேரும் வரிசையாக வந்து, "நானா? நானா? நானா?" என்று கேட்டார்கள். "யாராவது ஒருத்தன் ஒத்துக்கோங்கடா" என்று அவர் தூக்கத்தில் கெஞ்சியதாகப் பகவதி காலையில் சொன்னாள்.

சனிக்கிழமை செகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து மகன் ஷ்யாமும் சுபாஸ்ரீயும் சம்பந்தியைக் காரில் அழைத்து வந்தார்கள். கையில் ஒரு பை. டிக்கி நிறையப் புத்தகக் கட்டு. நாராயணசாமி இளைத்திருந்தார். ஆனால் சுந்தரேசனைக் கண்டதும் முகம் மலர்ந்த மலர்ச்சி இருக்கிறதே, அதைப் பார்த்து இவர் மனம்தான் சுருங்கிப் போயிற்று.

சாப்பாட்டு இலை முன் உட்கார்ந்தார்கள். முதல் கவளத்திலேயே நாராயணசாமி ஆரம்பித்தார்.

"சம்பந்தி, நேர்ல கேக்கணும்னு வச்சிருந்தேன். உங்களுக்கு எந்த இடம் ரொம்பப் பிடிச்சது?"

"கடல்!" என்றார் சுந்தரேசன். தானே படித்தது அது ஒன்றுதான்.

"ஆஹா! அதை எழுதத்தான் மாசக்கணக்காச்சு. அப்புறம் அந்த மூடின ஜன்னல்… அதை முதல் தடவையே கவனிச்சுட்டீங்களா? இல்ல, ரெண்டாவது தடவையா?"

சுந்தரேசன் அப்பளத்தை நொறுக்கினார். எந்த ஜன்னல்? யார் வீட்டு ஜன்னல்? பழனியாண்டவா!

"சம்பந்தி, ரசம் விட்டுக்கோங்க" என்று பகவதி குறுக்கே வந்தாள். "முதல் தடவை எப்படிங்க தெரியும்? முழுக்கப் படிச்சு முடிச்சுட்டுத் திரும்பிப் பார்த்தாத்தானே தெரியும்?"

"அடடா! நீங்களும் படிச்சீங்களாம்மா?" நாராயணசாமி கண் கலங்கிவிட்டது. சுபாஸ்ரீ அத்தையின் தோளில் கை வைத்து அழுத்தினாள். சுந்தரேசன் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டே இரண்டு தரம் ரசமும், பிறகு பாயசமும் குடித்தார்.

சாயங்காலம் சம்பந்தி காலார நடந்துவரக் கிளம்பினார். சுந்தரேசன் சமையலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார்.

"முடிச்சியா?"

"முடிச்சாச்சுங்க. பாயசம் வச்சு நைவேத்யமும் பண்ணியாச்சு. மத்தியானம் நீங்க குடிச்சது அதுதான்."

"சரி, கடைசிக் கேள்வி. கொலை பண்ணினது யாரு? சொல்லு பார்ப்போம்."

பகவதி கரண்டியைக் கீழே வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"கலங்கரை விளக்கத்து அந்தோணிதாங்க."

"கரெக்ட்!" என்றார் சுந்தரேசன். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு இறங்கியது. "பரவாயில்லையே! உனக்கும் புரிஞ்சுடுச்சே!"

"ஆனா ஒண்ணு. மேடையில அதைச் சொல்லிடாதீங்க. துப்பறியும் கதையை நாலு பேருக்குப் படிக்கச் சொல்றப்போ, கொன்னது யாருன்னு சொல்லிட்டா அப்புறம் யாருங்க வாங்குவாங்க?"

"பகவதி, எனக்கே பாடமா? ரெண்டு தடவை படிச்சவன்டி நான்!"

அன்றிரவு மூன்று பேரில் ஒருவர்கூட வரவில்லை. நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை. சங்கத்துக் கூடத்தில் வழக்கமாகப் பொங்கல் விழாவுக்குத்தான் அவ்வளவு கூட்டம் வரும். கூட்டத்துக்குப் பிறகு மெதுவடை உண்டு என்று சந்தானம் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். வாசலருகே ஒரு மேஜையில் புத்தகங்களை அடுக்கி வைத்து, அதன் பின்னால் சுபாஸ்ரீ நின்றாள். நாராயணசாமி முன்வரிசையில், மடிப்புக் கலையாத சட்டையில், கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சுந்தரேசன் எழுந்தார். மைக் கீச்சென்று கத்தியது. கடலிலிருந்து ஆரம்பித்தார்.

ஆச்சரியம், பேச்சு வந்தது. பகவதி சொல்லச் சொல்லக் கேட்டதெல்லாம் அப்படியே உள்ளே இருந்தது. ஐஸ் கம்பெனி, படகுத்துறை, விடியற்காலை ஏலம், வலை பின்னும் அம்மாவின் குழம்பு. குழம்பில் புளி தூக்கல் என்றபோது பெண்கள் பக்கம் சிரிப்பலை. மச்சினனைப் பற்றிச் சொன்னபோது "இவன்தான்டா" என்று பின்வரிசையில் ஒரு குரல். கம்பவுண்டரைச் சொன்னபோது, "இல்ல, இவன்" என்று இன்னொரு குரல். கைதட்டல். நாராயணசாமி கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுந்தரேசனுக்கு வாழ்க்கையில் முதல் கைதட்டல் அது. பணி ஓய்வு விழாவில்கூட யாரும் இப்படித் தட்டியதில்லை. அந்தச் சத்தம் தலைக்குள் போய், அங்கே இருந்த கொஞ்ச நஞ்சத்தையும் வெளியே தள்ளியது. குரல் உயர்ந்தது. கை உயர்ந்தது.

"யாரும் எதிர்பார்க்க முடியாது! மச்சினனா? இல்லை! கம்பவுண்டரா? இல்லவே இல்லை! அந்த ஊருக்கே வெளிச்சம் காட்டின மனுஷன், கலங்கரை விளக்கத்து அந்தோணி! அவன்தான் கொன்னான்னு சம்பந்தி முடிச்சாரு பாருங்க, அங்கேதான் நிக்கறாரு!"

கூடம் நிசப்தமாயிற்று.

"அய்யய்யோ சார்" என்றார் சந்தானம் மெதுவாக. அந்த மெதுவை மைக் பிடித்துக் கூடம் முழுக்கக் கொடுத்தது.

வாசலருகே ஒருவர் கையில் எடுத்த புத்தகத்தைத் திரும்ப மேஜையில் வைத்தார். இன்னொருவரும் வைத்தார். சுபாஸ்ரீயின் முகம் வெளுத்துவிட்டது. நாராயணசாமி கைக்குட்டையைப் பிடித்தபடி அப்படியே அசையாமல் இருந்தார். சுந்தரேசனுக்குக் கால் பூமியில் இருப்பதே தெரியவில்லை. முருகா, இந்த மேடை இரண்டாகப் பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளக் கூடாதா!

பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் பகவதி எழுந்து நின்றாள். அவள் சபையில் எழுந்து பேசி யாரும் பார்த்ததில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எல்லாரும் மன்னிக்கணும். அந்தோணி கொல்லலைங்க. பாவம், அவர் நல்ல மனுஷன். இவர் வேணும்னே உங்களை வேற பக்கம் திருப்பி விடறாரு. படிச்சவங்களுக்குத் தெரியும்."

எல்லார் கண்ணும் நாராயணசாமி பக்கம் போயிற்று. அவர் உதடு மெல்ல விரிந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு எழுந்தே நின்றுவிட்டார்.

"அட, சத்தியமா அந்தோணி இல்லீங்க! சம்பந்தி, நீங்க பொல்லாத ஆளு! ஒரு நிமிஷம் எனக்கே நெஞ்சு நின்னுபோச்சு. எழுதின என்னையே ஏமாத்திட்டீங்களே!"

கூடம் வெடித்தது. "அப்ப யாரு?" என்றது ஒரு குரல். "மச்சினனும் இல்ல, கம்பவுண்டரும் இல்லைன்னாரே, அதுவும் பொய்யா?" என்றது இன்னொன்று. வடைக்குப் போக வேண்டிய கூட்டம் புத்தக மேஜைக்குப் போயிற்று. கட்டு பிரிக்கப் பிரிக்கக் காலியாயிற்று. கடைசியில் வந்த ஒரு அம்மாள் வெறும் மேஜையைப் பார்த்து முகம் வாட, பகவதி தன் பையிலிருந்த வீட்டுப் பிரதியையே எடுத்துக் கொடுத்துவிட்டாள், முதுகில் குங்குமத்தோடு.

சுந்தரேசன் மேடையில் நின்றபடியே, எல்லாம் தன் ஏற்பாடுதான் என்பதுபோல் மெதுவாகத் தலையை ஆட்டினார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் நாராயணசாமி பேசிக்கொண்டே வந்தார். பழைய சிரிப்பு. சுபாஸ்ரீ ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சம்பந்தி, சந்தானம் சொன்னாரு. பேகம்பேட்லயும் மாதாப்பூர்லயும் இதே மாதிரிக் கூட்டம் போடணும்னு கேக்கறாங்களாம். நீங்கதான் பேசணுமாம். உங்களைக் கேக்காமலே நான் சரின்னுட்டேன்!"

"அதுக்கென்ன" என்றார் சுந்தரேசன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குப் போனார். பகவதி விளக்கேற்றிவிட்டு வந்து பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"ஏன் என்கிட்ட அந்தோணின்னு சொன்னே?"

"கைதட்டிட்டா உங்க வாயில எது நிக்கும்? சொல்லிடுவீங்கன்னு தெரியும். சம்பந்தி புஸ்தகம் பாழாகக் கூடாதேன்னுதான்."

"அப்ப… நான் படிக்கலைன்னு உனக்குத்…"

"மெதுவாப் பேசுங்க. கூடத்துல சம்பந்தி இருக்காரு."

சுந்தரேசன் குரலைத் தாழ்த்தினார். வேறு வழியில்லை. கையைக்கூடக் கூப்பினார்.

"பகவதி, தாயே, பேகம்பேட்ல நான் என்ன சொல்றது?"

"பேகம்பேட்ல மச்சினன்னு சொல்லுங்க. மாதாப்பூர்ல கம்பவுண்டர்."

"சரி. அப்ப நிஜமாக் கொன்னது யாரு?"

பகவதி பாலை இறக்கி வைத்தாள்.

"அது உங்களுக்கு எதுக்குங்க? அது படிக்கிறவங்களுக்கு."